சருகுக்குள் கிடைத்தது புதிய எறும்புதானா?

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். நாகர்கோவிலில் என் வீட்டுக்குச் சீசாவோடு வருகிற மாணவர்கள் எல்லாரும் முதலில் காட்டுவது அதைத்தான். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த எறும்பு வெளிறித்தான் இருக்கும். எத்தனாலில் நாள்பட்டுக் கிடந்தாலும் நிறம் மங்கும். உருவ அளவையும் நம்ப முடியாது. ஃபெய்டோலே, கேம்போனோட்டஸ் போன்ற பேரினங்களில் பெருந்தலை வேலைக்காரியும் சிறுதலை வேலைக்காரியும் ஒரே கூட்டில்தான் வாழ்கின்றன. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் சூட்டிய கூத்தெல்லாம் எறும்பியலில் நிறையவே நடந்திருக்கிறது.

அதனால் ஒற்றை எறும்போடு வராதீர்கள். கூடு தெரிந்தால் அதிலிருந்தே பத்து இருபது எடுங்கள். ராணியோ ஆணோ சேர்ந்து கிடைத்தால் உங்கள் நல்ல காலம்.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் சேகரிக்க வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். அது வரும்வரை குலசேகரம் பக்கத்துப் பழைய தோப்புகளில் அயினி மரத்தடியைக் கிளறுங்கள். கண்ணில் படுகிற முசுறும் கட்டெறும்பும் எப்போதோ பெயர் வாங்கிவிட்டன. பெயரில்லாதவை பெரும்பாலும் மட்கிய சருகிலும் மண்ணிலும் ஒளிந்திருக்கும் பொடியன்கள். மழை விட்ட மறுநாள் சருகை அள்ளி, வெள்ளை வேட்டியின் மேல் சலித்து, ஈரத் தூரிகை நுனியால் எடுத்து 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எந்த மரத்தடி என்பதையெல்லாம் பென்சிலால் எழுதி சீசாவுக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை கரைந்துவிடும். ஊர் தெரியாத எறும்பை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

முக்கோண அட்டையின் கூர்முனையில் துளிப் பசை வைத்து, எறும்பின் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அடிப்பக்கமாக ஒட்டுங்கள். பசை இடுப்புக் கணுவை, அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள முடிச்சை, மூடக் கூடாது. நுண்ணோக்கியில் முதலில் தேடப்போவதே அதைத்தான்: கணு ஒன்றா, இரண்டா? அடுத்து உணர்கொம்பின் துண்டுகள், தாடைப் பற்கள், கண், மயிர். துண்டுகளை எண்ணுவதில் சோம்பல் கூடாது. ஊசெரியா பேரினத்தில் 9 அல்லது 11 துண்டு உள்ள இனங்களே இந்தியாவில் தெரிந்திருந்தன. மதுரை அழகர்கோவிலில் கிடைத்த ஒன்றுக்கு 10 இருந்தது. அந்தக் கணக்கே டெகாமெரா, அதாவது 'பத்துத் துண்டு', என்று அதற்குப் பெயராகிவிட்டது. பிறகு அளவுகள்: தலையின் நீளம், அகலம், உணர்கொம்பின் அடித்தண்டு, மார்புப் பகுதி. தலை அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் தலைக் குறியீடு கிடைக்கும். ஓர் எறும்பை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்; இனத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்பது தெரிந்தாக வேண்டும்.

உண்மையான வேலை இனிமேல்தான். தெரிந்த நெருங்கிய உறவுகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, எதில் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். ஜெர்டன் 1851இல் தென்னிந்திய எறும்புகளைப் பற்றி எழுதியவற்றையும் பிங்காம் 1903இல் இந்திய எறும்புகளைப் பற்றி வெளியிட்ட தொகுதியையும் புரட்டுங்கள். பழைய விவரணைகள் பல சில வரிகளோடு நின்றுவிடும். எறும்புப் படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஆண்ட்வெப் இணையதளத்தில் மூல மாதிரிகளின் (பெயர் சூட்டியபோது ஆதாரமாக வைத்த எறும்புகளின்) படங்களைப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். 'இதுபோல் வேறில்லை' என்று எழுதுவது விவரணை ஆகாது. 'அதற்கு இங்கே குழி, இதற்கு வழவழப்பு' என்று எழுதுங்கள்.

பெயருக்கு உரிய மூல மாதிரியாக ஒன்றைத் தேர்ந்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். இந்திய விலங்கியல் அளவைத் துறைக்குச் சென்னையிலேயே மையம் உண்டு. இணைய இதழில் மட்டும் வெளியிடுவதென்றால் விலங்குப் பெயர்களுக்கான பதிவேடான ஸூபேங்கில் பதிவு தேவை. நாளிதழில் படத்தோடு செய்தி வந்தால் அம்மாவுக்கு மகிழ்ச்சி, பெயருக்குச் செல்லுபடி கிடையாது.

உங்கள் பெயரையே சூட்ட விதி தடுக்காது. ஆனால் ஆயுள் முழுக்கக் கேலி செய்வார்கள். ஊர்ப் பெயர் என்றால் எறும்பு கிடைத்த ஊரை வையுங்கள், நீங்கள் அறை எடுத்துத் தங்கிய ஊரை வேண்டாம்.