மார்பக ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 4’ என்று போட்டிருக்கிறதா? ரிப்போர்ட் வாசிக்கும் முறை

பைராட்ஸ் (BI-RADS) 4 என்றால் நாலாம் ஸ்டேஜ் கேன்சர் இல்லை, படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம் என்று சொல்கிற எண் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம். போன வருஷம் என் அக்காவுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டு இரண்டாவது தடவை ஸ்கேன் எடுத்தபோது ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பைராட்ஸ் 4ஏ’ என்று இருந்தது, டாக்டரைப் பார்க்கும்வரை வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த ரிப்போர்ட்டை வரி வரியாகப் புரிந்துகொண்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும், டாக்டருக்குப் பதில் ஆகாது.

மார்பை நாமே தடவிப் பார்க்கும் முறைக்குள் நான் போகவில்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு கனத்து முடிச்சு முடிச்சாக இருக்கும், அதனால் விலக்கு முடிந்த வாரத்தில் பாருங்கள். கட்டி மட்டும்தான் அறிகுறி என்றும் இல்லை. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ஒரே துளையிலிருந்து ரத்தம் கலந்த நீர் தானாகக் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாவது, காம்பில் ஆறாத சொறி, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், கேன்சர் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

முதல் படி, எந்த ஸ்கேன் என்று பாருங்கள். முப்பது வயதுக்குள் இருந்தால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். நாற்பதுக்கு மேல் என்றால் பொதுவாக இரண்டும் எடுப்பார்கள். மேமோகிராம் எடுக்கப் போகிற அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரண்ட் எதுவும் போடாதீர்கள், படத்தில் அது மார்புக்குள் படிகிற சுண்ணாம்புப் புள்ளி மாதிரித் தெரிந்து குழப்பும்.

இரண்டாவது படிதான் பலர் தாண்டிப் போய்விடுவது. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் கடிகார முள் கணக்கில் எழுதியிருப்பார்கள், ‘வலது மார்பு, 10 மணி, காம்பிலிருந்து 3 செ.மீ.’ என்கிற மாதிரி. உங்களுக்கு எதிரே நிற்பவர் உங்கள் மார்பின் மேல் ஒரு கடிகாரத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், வலது மார்பில் 10 மணி என்றால் அக்குள் பக்கம், மேலே. இப்போது உங்கள் கைக்குத் தட்டுப்பட்ட இடமும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். எங்களுக்கு இதில்தான் சிக்கல் வந்தது. அக்காவுக்குத் தட்டுப்பட்டது ஒரு இடம், முதலில் எடுத்த ரிப்போர்ட்டில் இருந்ததோ வேறு இடத்தில் ஒரு சின்ன நீர்க்கட்டி, அதற்கு ‘பைராட்ஸ் 2’. கைக்குத் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சர்ஜன் தன் கையால் பார்த்து, அந்த இடத்தில் பேனாவால் குறி போட்டு மறுபடி அனுப்பியபோதுதான் 4ஏ வந்தது. கையில் தெளிவாகத் தட்டுப்படுகிற கட்டிக்கு ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்பது முடிவான பதில் ஆகாது, மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன் எடுப்பவரிடம் “இங்கேதான் இருக்கிறது” என்று விரலை வைத்துக் காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, வர்ணனை. ‘அனெக்கோயிக்’ என்றால் உள்ளே தண்ணீர் மாதிரி, சுத்தக் கறுப்பு. அதுதான் சாதாரண நீர்க்கட்டி, முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வயதுக்குள் நிறைய வரும். ‘ஹைப்போஎக்கோயிக்’ என்றால் திடமான கட்டியாக இருக்கலாம், அது மட்டுமே கெட்ட செய்தி இல்லை. ஓரம் வழவழப்பாகவும் உயரத்தைவிட அகலம் கூடுதலாகவும் இருந்தால் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, இளம்பெண்களுக்கு வருகிற சாதாரணக் கட்டி, தொட்டால் ரப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டு நகரும். ‘ஸ்பிக்யுலேட்டட்’, அதாவது ஓரம் முள் முள்ளாக, அல்லது அகலத்தைவிட உயரம் அதிகம் என்று இருந்தால் டாக்டர் அதை விடமாட்டார், நீங்களும் விடக்கூடாது.

நான்காவது, அந்த எண். பைராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு உண்டாக்கிய வகைப்பாடு. படத்தைப் பார்த்தவருக்குச் சந்தேகம் எவ்வளவு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்கிறது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ், கேன்சர் என்று உறுதியான பிறகே அந்தப் பேச்சு வரும். 1 என்றால் ஒன்றும் இல்லை, 2 என்றால் இருப்பது சாதாரணமானது. 3 என்றால் கேன்சராக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, வழக்கமாக 6 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4 வந்தால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலேயே 4ஏ 2 முதல் 10 சதவீதம், 4பி 10 முதல் 50, 4சி 50 முதல் 95. எங்களைப் பாடாய்ப் படுத்திய 4ஏ, பத்துப் பேரில் ஒன்பது பேருக்குமேல் கேன்சர் இல்லாத வகை! 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. 6 என்பது ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. 0 என்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ‘இந்தப் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும்’ என்பதுதான் அதன் பொருள்.

ஐந்தாவது, ஊசி. மெல்லிய ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சிப் பார்ப்பது எஃப்.என்.ஏ.சி., கொஞ்சம் தடித்த ஊசியால் நூல் மாதிரி சதைத் துண்டு எடுப்பது கோர் பயாப்ஸி, ட்ரூகட் என்றும் சொல்வார்கள். திடமான கட்டிக்கு நான் கோர் பயாப்ஸியைத்தான் கேட்கச் சொல்வேன், செலவு கூடுதல்தான், ஆனால் பதில் தெளிவாக வரும், ஒருவேளை கேன்சர் என்றால் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர் 2 சோதனைகளையும் அதே துண்டில் செய்துவிடலாம். மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான் எடுப்பார்கள், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டால் கேன்சர் பரவிவிடும் என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. அக்காவுக்கு ஃபைப்ரோஅடினோமா என்று வந்தது.

பின்சேர்க்கை 1: பால் கொடுக்கும் தாய் ஒருவர் மார்பு சிவந்து போவதைப் பற்றிக் கேட்டிருந்தார். மார்பு சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் பெரும்பாலும் பால் கட்டி கிருமி தொற்றியதுதான். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் முழுக்கச் சாப்பிட்டும் சிவப்பு வடியவில்லை என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், அபூர்வமாக, அழற்சி மாதிரியே தோன்றுகிற ஒரு வகைக் கேன்சராகவும் இருக்கலாம்.

பின்சேர்க்கை 2: ஸ்கேனில் 5, பயாப்ஸியில் ‘கேன்சர் இல்லை’, எதை நம்புவது என்று இன்னொருவர். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம், வழக்கமாக மறுபடி எடுப்பார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல், ஸ்கேன் ஃபிலிமையும் சிடியையும் ஒரே ஃபைலில் வைத்துக் கொண்டுபோய் “இது இரண்டும் பொருந்துகிறதா டாக்டர்?” என்று கேளுங்கள்.