கடற்கரை ஊரில் கருப்பு வண்டி: ஒரு கழுவலுக்கும் அடுத்த கழுவலுக்கும் இடையே தூசியைக் கீறலின்றி எடுக்கும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கருப்பு காரைக் காலையில் கழுவினால், மாலைக்குள் அதன் பானெட்டின்மேல் விரலால் பெயர் எழுதிவிடலாம். வெள்ளை வண்டியிலும் இதே அளவு தூசிதான் படிகிறது. ஆனால் நம் கரையின் மணலும் உப்பும் வெளிறிய நிறமுடையவை என்பதால், கருப்பிலும் கரும்நீலத்திலும் அவை பளிச்சென்று கண்ணில் படுகின்றன. தினமும் முழுவதுமாகக் கழுவுவதற்கு நம் மாவட்டத்தில் தண்ணீர் இல்லை. ஆகவே, வாரம் ஒரு முறை கழுவிவிட்டு, இடைப்பட்ட ஆறு நாட்களும் வண்டியைத் தூய்மையாக வைத்திருக்கும் முறையை, முதல் கருப்பு வண்டி வாங்கியிருப்பவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

செய்முறைக்கு முன், தூசியின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே படிவது வெறும் புழுதி அன்று. மணலும் உப்பும் கலந்த ஒன்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் இது நடக்கிறது. அதனால்தான் வாசல் தெளிக்கும் நேரத்தில் பானெட்டைத் தொட்டால் பிசுபிசுக்கிறது. வெயில் ஏறிப் பத்து மணி ஆனதும் அதே இடம் சொரசொரக்கிறது. காய்ந்த உப்பு, மணல் துகள்களைப் பசைபோலப் பெயின்ட்டோடு பிடித்துக்கொள்கிறது. பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமன்தான். மணலில் உள்ள குவார்ட்ஸோ எஃகுக் கத்தியைவிடக் கடினமானது. அதன்மேல் உலர்ந்த துணியை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எனக்கு அது நேரிட்டது. வண்டி வாங்கிய இரண்டாம் மாதம் தனுஷ்கோடிக் கடல்முனையான அரிச்சல்முனைக்குப் போய்வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அப்பா தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, புது வண்டி என்ற பாசத்தோடு பானெட் முழுவதையும் வட்ட வட்டமாகத் துடைத்தார். அன்றிரவு தெருவிளக்கின் வெளிச்சத்தில் பார்த்தபோது, விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான கீற்றுகள் தெரிந்தன. பாலிஷ் போடும் தம்பியிடம் காட்டினேன். “தண்ணி விடாம துணிய வைக்காதீங்கண்ணே” என்று ஒரே வரியில் சொன்னார். கீழே நான் சொல்லப்போகும் அனைத்தும் அந்த ஒரு வரியின் விரிவுதான்.

முதல் படி: வழுக்கும் மேற்பரப்பு

வண்டியை நன்றாகக் கழுவித் துவட்டிய நாளில், நிழலில் நிறுத்தி, கார் வாக்ஸ் எனப்படும் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். வழுவழுப்பான பரப்பில் தூசி இறுகிப் பிடிப்பதில்லை; தெளிக்கும் தண்ணீரும் முத்து முத்தாக உருண்டு துகள்களை இழுத்துக்கொண்டு போகும். இங்குள்ள வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பூசுவது நல்லது. பாத்திரம் துலக்கும் சோப்பால் வண்டியைக் கழுவினால் இந்தப் பூச்சு போய்விடும் என்பதால், கார் ஷாம்பூவை மட்டும் பயன்படுத்துங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ டீசலோ தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்ப் பசையில் ஒரே நாளில் இருமடங்கு புழுதி ஒட்டும்.

இரண்டாம் படி: தொட்டுப் பார்ப்பது

செல்போன் டார்ச்சைப் பெயின்ட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மாவுபோன்ற மெல்லிய படலம் மட்டும் தெரிந்தால் அது உலர்புழுதி. மினுமினுக்கும் புள்ளிகள் தெரிந்தாலோ, விரலை இழுக்காமல் ஒற்றி எடுக்கும்போது பிசுபிசுத்தாலோ, அது உப்பு மணல். உலர்புழுதிக்கு, வாக்ஸ் ஏற்றிய நூல்களைக் கொண்ட கார் டஸ்டர் போதும். அதன் எடைகூட வண்டிமேல் விழாதபடி, நுனி மட்டும் படுமாறு ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் தள்ளி நின்று உதறுங்கள். உப்பு மணல் என்றால் டஸ்டரைத் தொடவே வேண்டாம். ஐயமாக இருந்தால் உப்பு மணல் என்றே கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தெளிப்பது

செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள கருவியை நான் பார்க்கவில்லை. எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். நம் பகுதிக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் பலவற்றில் இருப்பது உவர் நீர்; கருப்பு பெயின்ட்டில் அது காய்ந்தால் சுண்ணாம்புப் பொட்டுபோல வெள்ளை வட்டங்கள் விழும். காவிரிக் குடிநீரை இதற்குச் செலவிட எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் ஏசி இருந்தால், அதன் குழாயில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து இறங்கிய நீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. பிடித்து வைத்த மழைநீரும் அதே அளவு நல்லது.

கூரையில் தொடங்கிக் கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழே வாருங்கள். முதல் தெளிப்பில் நனையவிட்டு, உப்பு கரைய ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டாம் தெளிப்பில் துகள்கள் வழிந்தோடும்படி அடியுங்கள். கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் பெருமணல் தங்கியிருக்கும் என்பதால், அங்கே துணியே வைக்காமல் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயின்ட் சுடும்போது இதைச் செய்யக் கூடாது. கருப்பு வண்டி வெயிலில் வேகமாகச் சூடேறும், தண்ணீர் வழியுமுன்பே காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் முடிப்பது உத்தமம்.

நான்காம் படி: ஒற்றி எடுப்பது

மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். பெயின்ட்டில் குவிக் டீடெய்லர் ஸ்பிரேயை (துணி வழுக்கிச் செல்ல உதவும் திரவம்) சிறிதளவு அடித்து, துணியை அழுத்தாமல் படரவிட்டு, முன்னிருந்து பின்னாக நேர்கோட்டில் இழுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். ஒரு பகுதி முடிந்ததும் புதிய முகத்துக்கு மாறுங்கள். காய்ந்த பிறகும் தொடர்ந்து தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, அகற்றிய தூசியையே திரும்ப இழுக்கும்.

நிறுத்துமிடம் பற்றி

ஆனி, ஆடியில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும்போது கீழக்கரை, ஏர்வாடி போன்ற மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களில் உப்பு கடலிலிருந்து நேராக வரும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வாடைக் காலத்தில்தான் அந்தத் தொல்லை. எனவே, பருவத்துக்கு ஏற்ப, காற்றுக்கும் வண்டிக்கும் நடுவே வீட்டுச் சுவர் இருக்குமாறு இடத்தை மாற்றி நிறுத்துங்கள். தூசி படிந்த வண்டிமேல் உறை போட்டால், காற்றில் அந்த உறை படபடத்து இரவு முழுதும் உப்புத்தாள்போல உரசும். தூய்மையான வண்டிக்கு, மூடிய இடத்தில் மட்டுமே உறை போடலாம்.

தனுஷ்கோடிக்குப் போய்வந்த நாளுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின் வண்டி கடலின் விளிம்பு வரை போகிறது. இருபுறமும் கடல், சாலையின்மேல் ஓடும் மணல். அன்றைக்கே அடிப்பாகத்தோடு சேர்த்து முழுவதுமாகக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக, துணிகள். அவற்றைத் தனியாக, துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, கொல்லைக் கொடியில் போடாமல் வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துடைக்கும்போது கை தவறித் தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பானெட்டில் வைக்க வேண்டாம். அது அன்றிலிருந்து டயருக்கான துணி.