விண்டோஸ் மாறிய பிறகு பேக்கப் டிஸ்கைத் திறந்து பாருங்கள்

2025 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், தோல் பை தைத்து விற்கும் அண்ணாச்சி ஒருவர் என் அறைக்கு வந்தார். "தங்கச்சி, சித்திரையிலேருந்து யார்கிட்ட எவ்வளவு தோல் எடுத்திருக்கேன்னு ஒரு தாள் எடுத்துக் குடும்மா, கணக்கைத் தீர்க்கணும்" என்றார். தாராவி 90 அடி ரோட்டில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு 17 கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பெரிய கடைகளுக்கு டாலி, சின்னக் கடைகளுக்கு எக்செல். அண்ணாச்சியுடையது எக்செல்.

ஃபைலைத் திறந்தால் உள்ளே வேறு கடையின் கணக்கு. இரண்டு நாள் முன்பு அதை மாதிரியாக வைத்துப் புதுக் கடைக்கு ஒரு ஷீட் போட்டேன். வேறு பெயரில் சேவ் செய்வதற்குப் பதில் அதே பெயரில் சேவ் செய்துவிட்டேன். சரி, பேக்கப் இருக்கிறதே என்று வெளி டிஸ்கைத் திறந்தேன். தினமும் இரவு 9 மணிக்கு அதில் காப்பி ஓடும். மூன்று வாரமாகத் தவறாமல் ஓடியும் இருந்தது. ஆனால் எக்செல் ஃபோல்டர் காலி.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்பதால், செப்டம்பரிலேயே விண்டோஸ் 11-க்கு மாறினேன். மாறி முடிந்ததும் வரும் கேள்விகளை நான் படிக்கவில்லை. ஜிஎஸ்டி வேலை தலைக்கு மேல் இருந்ததால் 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனேன். அதில் ஒன்று, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கட்டுமா என்பது. அதற்குச் சம்மதம் கொடுத்தால், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் கம்ப்யூட்டருக்குள்ளேயே இடம் மாறி, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். திறந்து பார்த்தால் எல்லாம் முன்பு போலத்தான் தெரியும். என் காப்பி வேலை மட்டும் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே எதுவும் இல்லை. அந்த வேலைக்கு நான் கொடுத்திருந்த கட்டளை, 'அங்கே இருப்பது போலவே இங்கே ஆக்கு'. அதனால் டிஸ்கில் இருந்ததையும் அது துடைத்துவிட்டது.

அதனால் விண்டோஸ் மாறியதும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஃபைல்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதுதான். தினமும் தொடும் ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். 'லொகேஷன்' என்ற வரியில் முழு வழியும் இருக்கும். யூசர்ஸ், உங்கள் பெயர், டாக்குமெண்ட்ஸ் என்று நேராகப் போனால் பழைய இடம்தான். நடுவில் ஒன்டிரைவ் என்று வந்தால் இடம் மாறிவிட்டது. டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவற்றையும் இப்படியே பாருங்கள். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் பேக்கப் மென்பொருளில் 'எங்கிருந்து' என்று கேட்கும் இடத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் கண் ஏமாற்றும்; தாளில் எழுதினால் ஏமாற்றாது.

ஒன்டிரைவ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபைல் முழுதாக மேலே, அதாவது இணையத்துக்கு, போயிருந்தால் அதன் பழைய பதிப்புகளை அங்கிருந்தே எடுக்கலாம், அழித்ததும் அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. நான் ஸ்கேன் செய்து வைத்த பில்களுக்கே அது போதவில்லை. இடம் நிரம்பியதும் மேலே போவது நின்றது, அண்ணாச்சியின் ஷீட் போகாமலே தங்கிவிட்டது. மேலே போவது நின்றிருக்கிறதா என்று, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகக் குறியைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

ஃபைல்களுக்குப் பக்கத்தில் தெரியும் குறிகளையும் கவனிக்க வேண்டும். மேகம் மட்டும் தெரிந்தால் பெயர்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. நெட் இல்லாத இரவில் காப்பி ஓடினால் அது டிஸ்குக்குப் போய்ச் சேராது. கணக்கு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்துவிடுங்கள். பச்சை வட்டத்தில் டிக் வந்த பிறகு காப்பி எடுங்கள்.

இனி, என்னைப் போல ரோபோகாப்பி வைத்திருப்பவர்களுக்கு. ஃபோல்டர்களைக் காப்பி எடுக்க விண்டோஸுடனேயே வரும் நல்ல கருவி அது. இப்போதும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதன் கட்டளையில் 'எம்ஐஆர்' (/MIR) என்ற சொல்லைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாததெல்லாம் காப்பியிலும் அழியும். அப்படி அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. விண்டோஸ் மாறிய பிறகு முதல் முறை ஓட்டும்போது எம்ஐஆரை எடுத்துவிட்டு 'இ' (/E) என்ற ஓர் எழுத்தை மட்டும் போடுங்கள். அது சேர்க்கும், அழிக்காது. எம்ஐஆர் கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் அதனுடன் 'எல்' (/L) சேர்த்து ஓட்டுங்கள். அப்போது எதையும் தொடாமல், என்ன செய்யும் என்ற பட்டியலை மட்டும் காட்டும். கடைசியில் ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் 'எக்ஸ்ட்ராஸ்' என்ற கட்டத்தைப் பாருங்கள். காப்பியில் இருக்கிற, ஆனால் மூலத்தில் இல்லாதவற்றின் எண்ணிக்கை அது. எம்ஐஆர் போட்டால் அத்தனையும் போகும். வழக்கமாக ஐந்தோ ஆறோ இருக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கில் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு எண்ணை நான் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டிஸ்கின் எழுத்தும் மாறியிருக்கலாம். நேற்று 'இ' டிரைவாக இருந்தது இன்று 'எஃப்' ஆகத் தெரிந்தால் காப்பி போகும் இடம் தெரியாமல் நிற்கும், அல்லது செருகியிருக்கும் வேறு பென் டிரைவுக்குள் போய்க் கொட்டும். டிஸ்க் மேனேஜ்மெண்டில் பேக்கப் டிஸ்குக்குப் பின்வரிசை எழுத்து ஒன்றை, எஸ் (S) அல்லது டி (T) என்று, நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் உங்கள் காப்பி வேலை இன்னும் இருக்கிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் 'கண்டிஷன்ஸ்' பகுதிக்குக் கட்டாயம் போக வேண்டும். கரண்டில் இருந்தால்தான் ஓடு என்ற டிக் அங்கே வழக்கமாகவே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு நாளும் ஓடாது. விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை சுலபம்: கண்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் காப்பி எடுத்தது என்று பார்த்தால் போதும்.

சுலபமாக விட்டுப்போகும் இன்னொன்று என்கிரிப்ஷன், அதாவது டிஸ்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது. 24எச்2 என்ற பதிப்பு முதல் வரும் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். நல்லதுதான், லேப்டாப் திருடு போனாலும் கணக்கு பிறர் கையில் சிக்காது. ஆனால் மதர்போர்டு கெட்டுப்போய் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் அது இல்லாமல் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். எடுத்து நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் வையுங்கள்.

விண்டோஸ் டாட் ஓல்ட் என்ற ஃபோல்டரைப் பேக்கப் என்று சிலர் நம்புகிறார்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்புவதற்காக வைத்திருப்பது அது. வழக்கமாக 10 நாளில் தானாகப் போய்விடும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் முக்கியமான வேலை. பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். பெயரைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். திறந்து, நேற்று நீங்கள் போட்ட கடைசி வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டாலிக்கு இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். டாலி பிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தினால் பேக்கப், ரெஸ்டோர் இரண்டும் வரும். ரெஸ்டோர் செய்யும்போது போய்ச் சேரும் ஃபோல்டராக இப்போதைய டேட்டா ஃபோல்டரைக் கொடுத்துவிடாதீர்கள்; கொடுத்தால் நடப்புக் கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்காரும். 'சோதனை' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து அதில் இறக்குங்கள். அங்கிருந்து கம்பெனியைத் திறந்து, ஏதாவது ஒரு பார்ட்டியின் பாக்கியை இப்போதைய கணக்கோடு ஒப்பிடுங்கள். நான் இதை மாதாமாதம் 21-ம் தேதி செய்கிறேன். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ம் தேதி 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் முடிந்து மூச்சு விடும் நாள் அது. 20 நிமிடம் ஆகும்.

டிஸ்க் ஏற்கெனவே காலியாகிவிட்டதென்றால் உடனே அதைப் பிடுங்கிவிடுங்கள், அதில் எதையும் எழுதாதீர்கள். சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கில், மேலே வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் மீட்புக் கருவிகளால் எடுக்க வாய்ப்பு உண்டு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியில் வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு மூன்று வாரமாக டாலி காப்பி அதே டிஸ்கில் ஏறிக்கொண்டே இருந்ததால், மீட்டெடுத்தவற்றில் பாதி ஃபைல்கள் திறக்கவே இல்லை. அண்ணாச்சியின் ஷீட்டும் அதில் ஒன்று. மார்ச் கணக்கு முடித்து ஏப்ரலில் தனியாக எடுத்து வைத்த பழைய டிஸ்க் ஒன்று இருந்ததால் தப்பித்தேன். அதற்குப் பிந்திய ஆறு மாதத்தை அவர் கடையிலிருந்து பில் கட்டைக் கொண்டுவந்து கொடுக்க, ஆறு இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடம் போய் 'ஃபைல் போச்சு' என்று சொல்லி முடித்துவிட முடியாது.

என் அப்பாவும் இதே தெருவில் கணக்கு எழுதியவர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, தரைத்தளத்தில் இருந்த அவருடைய பேரேடுகள் எல்லாம் நனைந்தன. நானும் அம்மாவும் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மொட்டை மாடியில் காயவைத்தோம். மை ஊறிப் போயிருந்தாலும் முக்கால்வாசி படிக்க முடிந்தது. நனைந்த டிஸ்கை அப்படிக் காயவைத்துப் படிக்க முடியாது.

அதனால் இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று அறையில், ஒன்று சயான் கோலிவாடாவில் வீட்டு அலமாரியில். சனிக்கிழமை சாயங்காலம் அறையில் உள்ளதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் உள்ளதைத் திங்கள்கிழமை கொண்டுவந்து மாட்டுகிறேன். எந்தத் தேதி வரை அதில் இருக்கிறது என்று மேலே ஒரு டேப் ஒட்டி எழுதிவிடுகிறேன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் பைக்குள் வைப்பது.