வெள்ளை நாரைக்கு வெள்ளைப் பெயின்ட் வேண்டாம்: வாட்டர்கலர் முதல் பாடம்

வரையும் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் எடுத்தவுடன் புலி, மயில் என்று போவார்கள். முதல் படத்துக்கு நான் சொல்வது சங்குவளை நாரை. உடம்பு பெரியது, நிறங்கள் கொஞ்சம், நின்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டுகிறது. தெருவில் நின்றபடியே வரையலாம்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள், 2, 6, 10 ஆம் எண் உருண்டை பிரஷ், பென்சில், இரண்டு டப்பா தண்ணீர். ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று நிறம் கலக்க. ஒரே டப்பாவோடு சமாளித்தால் மஞ்சள் அலகு சேற்று நிறத்தில்தான் வரும்.

1. முதலில் பென்சில் மட்டும். ஒரு நாரைக்கு அரை நிமிடம்தான். சாய்ந்த முட்டை வடிவம் உடம்பு, அதிலிருந்து வளையும் கழுத்து, நுனியில் லேசாகக் கீழே இறங்கும் தடித்த அலகு. காலின் நடுவே முட்டி போலத் தெரிவது உண்மையில் கணுக்கால். அது பின்பக்கமாகத் துருத்தும். முன்பக்கம் மடக்கி வரைந்துவிடாதீர்கள்.

2. பிடித்த கோட்டோவியத்தை நல்ல தாளில் மெல்லிய கோடாக மாற்றுங்கள்.

3. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பறவையைத் தொடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் தண்ணீரால் நனைத்து, கருவேல இலையின் மங்கிய பச்சையையும் குளத்தின் சாம்பல் நீலத்தையும் பரவ விடுங்கள். உடம்பின் ஓரத்துக்கு வரும்போது 6 ஆம் எண் பிரஷ், மெதுவான கை. பின்னணி அடர்த்தியாக ஏற ஏற, ஒரு சொட்டு வெள்ளை வைக்காமலேயே நாரை தாளிலிருந்து எழுந்து வரும். நம்மூர் வெயிலில் நிறம் சட்டென்று காய்ந்து கோடு விழும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நனையுங்கள்.

4. நன்றாகக் காய்ந்த பிறகு அலகுக்கு மஞ்சள், இறகில்லாத தலைக்கு ஆரஞ்சு. சிறகுக்கும் மார்புப் பட்டைக்கும் கடையில் வாங்கும் கறுப்பு செத்துப்போய்த் தெரியும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பைக் கலந்து பாருங்கள். மார்புப் பட்டையில் செதில் செதிலாக வெள்ளை இருக்கும், அங்கே தாளை அப்படியே விடுங்கள்.

5. கடைசியாக, வால் பக்கம் தொங்கும் இளஞ்சிவப்பு இறகுகள். கிரிம்சன் என்ற அடர் சிவப்பில் நிறையத் தண்ணீர், நாலு தீற்றல், போதும்.

குழுவாக ஒரு சுவர்ப்படம் செய்வதென்றால் ஆளுக்கொரு தாள் எடுங்கள். தொடங்கும் முன் எல்லாத் தாளிலும் குளக்கரைக் கோட்டை ஒரே உயரத்தில் ஸ்கேல் வைத்துக் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டும்போது குளம் படிக்கட்டாக இறங்கும். யாராவது இளஞ்சிவப்பை மறந்துவிட்டால் பரவாயில்லை. மேலே வெளிர் பழுப்பு ஒரு பூச்சு கொடுத்து இளம் நாரையாக்கிவிடலாம், அதற்கு அந்த நிறம்தான்.