சத்தம் வருது, பேச்சு வரலையே: கணினிக்கு இலவச ஈக்வலைசர் தேர்ந்தெடுத்து அமைப்பது எப்படி

கீழக்கரையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பீரோவுக்குள் பழைய கேசட்டுகள் கிடக்கும். பாட்டுக் கேசட் இல்லை. சபுர் போனவர்கள், அதாவது பிழைப்புக்கு வெளிநாடு போனவர்கள், கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பியவை. என் வாப்பா 1983லிருந்து துபாயில் இருந்தார். அவர் அனுப்பியதில் பதினொரு கேசட் மிச்சம். போன ரமலானுக்கு முன்னால் அத்தனையையும் கணினியில் ஏற்றிவிட்டேன்.

உம்மாவுக்கு 74 வயது. முதல் கேசட்டைப் போட்டதும் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "சத்தம் வருது, பேச்சு வரலையே வாப்பா" என்று என்னிடம் சொன்னார்கள். வால்யூமைக் கூட்டினேன். இரைச்சலும் சேர்ந்து கூடியது, பேச்சு அப்படியேதான் இருந்தது.

உம்மா சொன்னது மிகச் சரியான வார்த்தை. நம் வீடுகளில் கணினி ஒலி பற்றி வருகிற குறைகளில் பாதி இதுதான். ஒலி போதவில்லை என்று நினைத்துப் பெரிய ஸ்பீக்கர் வாங்குகிறோம். உண்மையில் ஒலிக்குள் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்குதான் தவறியிருக்கிறது. அந்தக் கணக்கைச் சரிசெய்கிற கருவி ஈக்வலைசர். காசு கொடுக்க வேண்டாம்.

எந்த மென்பொருள்?

ஒரே ஒரு ஃபைலைத்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால் புதிதாக எதையும் போடாதீர்கள். விஎல்சி இருந்தால் போதும். கன்ட்ரோல் விசையோடு ஈ எழுத்தை அழுத்தினால் ஈக்வலைசர் திறக்கும். பத்துப் பட்டைகளும் (தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஒலியைப் பிரித்த பகுதிகள், ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்க ஒரு கம்பி) ஒரு ப்ரீஆம்பும் (மொத்த ஒலியையும் சேர்த்து ஏற்றி இறக்குவது) அதிலேயே இருக்கின்றன. ஆனால் அது விஎல்சியில் ஓடுவதை மட்டும்தான் மாற்றும். உம்மா யூடியூபில் பயானும் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்பார்கள், பேரனோடு வீடியோ காலும் பேசுவார்கள். அதனால் கணினியிலிருந்து வெளியே போகிற எல்லா ஒலியையும் மாற்றுகிற ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

எஃப்எக்ஸ்சவுண்டை முதலில் போட்டுப் பார்த்தேன். முன்பு டிஎஃப்எக்ஸ் என்ற பெயரில் காசுக்கு விற்றார்கள், இப்போது இலவசம். திறந்தவுடன் வேலை செய்யும், பார்க்கவும் அழகு. பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு அது போதும். எனக்கு அதில் ஒரு விஷயம் பிடிக்கவில்லை. அதன் தயார் அமைப்புகள் பலவும் ஒலியைக் கூட்டித்தான் தருகின்றன. கூடுதல் சத்தமாக வருகிற எதுவும் நம் காதுக்கு நல்ல ஒலியாகவே படும். தாழ்ந்த சத்தத்தில் பேஸும் (தாழ்ந்த சுருதி) ட்ரெபிளும் (உயர்ந்த சுருதி) காதுக்குக் குறைவாகவே எட்டும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே எந்த இரண்டு மென்பொருளை ஒப்பிட்டாலும் வால்யூமை முதலில் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். நான் அப்படிச் செய்தபோது உம்மாவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியில் நின்றது ஈக்வலைசர் ஏபிஓ. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் ஒலிப் பாதைக்குள்ளேயே சிறு நிரல்களைச் செருக இடம் இருக்கிறது. அதற்குப் பெயர்தான் ஏபிஓ. இந்த மென்பொருள் நேராக அங்கே போய் உட்காருகிறது. கணினியை அதிகம் சிரமப்படுத்தாது, திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. அதன் சொந்த முகப்பு புதியவர்களைப் பயமுறுத்தும். ஆகவே அதன் மேல் பீஸ் என்ற இன்னொரு இலவச முகப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். பீஸ் தனியாக ஓடாது, ஏபிஓ முதலில் இருக்க வேண்டும். இரண்டும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் கிடைக்கின்றன.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஈஸிஎஃபெக்ட்ஸ் பாருங்கள், மிக நல்ல கருவி. மேக்கில் ஈக்யூமேக். இனி சொல்லப்போவது விண்டோஸுக்கு. எண்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் படி: நிறுவுவது, நான் மூன்று நாள் மாட்டிய இடம்

நிறுவும்போது ஒரு சிறிய ஜன்னல் திறந்து, கணினியின் ஒலிக் கருவிகளை வரிசையாகக் காட்டும். டிவைஸ் செலக்டர் என்று பெயர், பழைய பதிப்புகளில் கான்ஃபிகரேட்டர். எந்தக் கருவியில் ஈக்வலைசர் வேண்டுமோ அதில் டிக் போட வேண்டும். நான் ரியல்டெக் என்று இருந்ததில் டிக் போட்டேன், ரீஸ்டார்ட் கேட்டது, "பிறகு" என்று சொல்லிவிட்டு ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத் தூங்கினேன். காலையில் கணினியைப் போட்டு பீஸில் எல்லாக் கம்பிகளையும் ஏற்றி இறக்கினேன். ஒலியில் துளி மாற்றம் இல்லை.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. மூன்றாம் நாள்தான் புரிந்தது, ஒரே நேரத்தில் மூன்று பூட்டு போட்டிருந்தேன்.

முதல் பூட்டு, கருவி. எங்கள் கூடத்தில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. கணினியைப் போட்டதும் தானாக இணைந்துகொள்ளும். நான் டிக் போட்டது மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கு, ஒலி போய்க்கொண்டிருந்தது ப்ளூடூத்துக்கு. ஒவ்வொரு வெளியேறும் வழிக்கும் தனித்தனி டிக் வேண்டும். டிவியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் அதற்கும் ஒன்று. ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்து வைத்துக்கொண்டே டிவைஸ் செலக்டரைத் திறந்தால், எது எது என்று குழப்பம் வராது.

இரண்டாவது, ஷட் டவுன். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். அது இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் உள்பகுதி முழுதாக மூடப்படாது. இருந்த நிலையையே சேமித்துவைத்து, மறுநாள் அதையே எடுத்துக் கொடுக்கும். ஒலிச் சேவை புதிதாகத் தொடங்கவே தொடங்காது. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மூன்றாவது, என்ஹான்ஸ்மென்ட்ஸ். விண்டோஸ் 11ல் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் உங்கள் கருவியைத் தொட்டால் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒரு வரி வரும். அது ஆஃபில் இருந்தால் ஈக்வலைசர் ஏபிஓவும் சேர்ந்து அணைந்துவிடும், ஏனென்றால் விண்டோஸின் கண்ணில் இதுவும் ஒரு என்ஹான்ஸ்மென்ட்தான். விண்டோஸ் 10ல் கருவியின் ப்ராப்பர்டீஸில் 'டிஸேபிள் ஆல்' என்ற பெட்டி இருந்தால் அதன் டிக்கை எடுங்கள். முன்பு எப்போதோ இரைச்சல் குறையட்டும் என்று நானே அதை அணைத்து வைத்திருந்தேன்.

மூன்றையும் திறந்த பிறகு ஒரு சோதனை. ஏதாவது பேச்சை ஓடவிட்டு, பீஸில் ப்ரீஆம்ப் கம்பியைக் கீழே −30 வரை இழுங்கள். ஒலி அடங்கிவிட்டால் ஈக்வலைசர் வேலை செய்கிறது. அடங்கவில்லை என்றால் மற்ற கம்பிகளைத் தொடவே வேண்டாம், மூன்று பூட்டையும் மறுபடி பாருங்கள்.

இரண்டாம் படி: முதலில் இறக்குங்கள்

ஈக்வலைசரைத் திறந்ததும் கை எதையாவது ஏற்றத்தான் போகும். வேண்டாம். ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்பது கூரை. ஏற்கெனவே கூரையைத் தொட்டு நிற்கிற ஒலியை இன்னும் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரப்பாக வரும். 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். ஆகவே எந்தப் பட்டையை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அந்த அளவுக்காவது ப்ரீஆம்பை இறக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டை ஏற்றினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூடும், இன்னும் ஓரிரண்டு சேர்த்தே இறக்குங்கள். நான் −7 வைத்திருக்கிறேன். குறைந்த சத்தத்தை ஸ்பீக்கரின் வால்யூமில் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்து கீழ்ப்பட்டைகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. பழைய டேப் ரெக்கார்டர் கரண்டில் ஓடியபோது ஏறிய ரீங்காரம் 50லும் 100லும் இருக்கும். 62 ஹெர்ட்ஸ் பட்டையை −6 டெசிபல், 125ஐ −3 ஆக்கினேன், ரீங்காரம் கணிசமாகத் தணிந்தது. ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85லிருந்து 180 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால் 125ல் இதற்கு மேல் வெட்டக் கூடாது, குரல் மெலிந்து வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிடும். 250ஐ −4. குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்பது பெரும்பாலும் இந்தப் பட்டையால்தான். இதை மட்டும் இறக்கியபோதே உம்மா தலையை நிமிர்த்தினார்கள்.

மூன்றாம் படி: சொல் தெளிவது எங்கே

உயிரெழுத்துகளின் பலம் கீழ்ப்பட்டைகளில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற மெய்களின் பலம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. வயதாகும்போது காது இழப்பதும் மேலேயிருந்துதான் தொடங்கும், மங்கிய கேசட் இழந்திருப்பதும் அதே மேல்பகுதியைத்தான். இரண்டு நஷ்டமும் ஒரே இடத்தில் விழுந்ததால்தான் உம்மாவுக்குப் பேச்சு வரவில்லை.

2000ஐ +3, 4000ஐ +5 வைத்தேன். ஐந்தாவது கேசட்டில் ஓர் இடம். வாப்பா "ஒனக்கு ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன்" என்று சொல்வதாகத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். உம்மாவுக்கு அங்கே என்ன வேலை பார்த்திருப்பார் என்று காக்காவும் (என் அண்ணன்) நானும் பேசியிருக்கிறோம். 4000ஐ மெல்ல ஏற்ற ஏற்ற, அந்தச் சொல்லின் முன்னால் ஒரு சீறல் தலைகாட்டியது. உம்மாதான் முதலில் சொன்னார்கள்: "சீலை. சீலைன்னு சொல்றாரு. பச்சைச் சீலை, அந்த வருஷம் கொண்டாந்தாரு." சகரத்தின் சீறல் 4000லிருந்து 8000 வரையுள்ள பகுதியில் இருக்கிறது. அது மங்கினால் சீலை வேலையாகத்தான் கேட்கும்.

8000ஐத் தொடவில்லை. அதை ஏற்றினால் டேப்பின் இரைச்சலும் சேர்ந்து வரும். 16000ஐ −8. அங்கே பேச்சு எதுவும் இல்லை, இரைச்சல் மட்டும்தான்.

இதை அப்படியே பிரதி எடுக்காதீர்கள், கேட்கப்போகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கம்பியாக நகர்த்துங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று ஜன்னலில் அடிக்கும்போதும் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போதும் அமைத்ததை, ராத்திரி அமைதியில் கேட்டால் காது கூசும். எந்த நேரத்தில் கேட்பார்களோ அந்த நேரத்தில் அமையுங்கள். பீஸில் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். நான் "வாப்பா" என்று ஒன்றும் "பயான்" என்று ஒன்றும் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டதால் சேர்க்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறது என்றார். ஹெட்போன் பின்னைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன், பச்சை பிடித்திருந்தது. உப்புக்காற்று நம் கரையில் எந்தப் பின்னையும் விட்டுவைக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்ததும் சரியாகிவிட்டது. எந்த மென்பொருளையும் போடுவதற்கு முன் பின்னைப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி, மூன்று பூட்டையும் திறந்தும் வேலை செய்யவில்லை என்றார். அவருடைய மடிக்கணினியில் நிறுவனமே போட்ட ஒலி மேம்பாட்டு மென்பொருள் ஒன்று இருந்தது. டிவைஸ் செலக்டரில் ட்ரபிள்ஷூட்டிங் பெட்டியை டிக் செய்து, நிறுவும் முறையை எஸ்எஃப்எக்ஸ், ஈஎஃப்எக்ஸ் என்பதற்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் வந்தது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஈக்வலைசர் நின்றுபோனாலும் முதலில் டிவைஸ் செலக்டரைத் திறந்து டிக் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு சகோதரி, தெளிவாக்கிய கேசட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கே பழையபடியே கேட்கிறது என்று வருத்தப்பட்டார். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: ஈக்வலைசர் ஏபிஓ உங்கள் கணினியில் கேட்கிற ஒலியை மட்டும்தான் மாற்றும், ஃபைலைத் தொடாது. ஃபைலையே மாற்ற இலவசமான ஆடாசிட்டி இருக்கிறது. பேச்சில்லாமல் இரைச்சல் மட்டும் ஓடுகிற சில நொடிகளைத் தேர்ந்து, நாய்ஸ் ரிடக்ஷனில் அதை மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுவதையும் தேர்ந்து ஓட்டுங்கள். 6 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம், போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். அதன் பிறகு அதே ஏற்ற இறக்கங்களை ஆடாசிட்டியின் கிராஃபிக் ஈக்யூவில் கேட்டுப் பார்த்து வைத்துப் புது ஃபைலாகச் சேமியுங்கள். அசலை மட்டும் ஒரு பென்டிரைவில் தனியே எடுத்து வைத்துவிட்டு நகலில் கை வையுங்கள்.