தொழிலுக்கு சைபர் பாதுகாப்பு: மெயிலில் இருந்து தொடங்குங்கள்

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோமே, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. உங்கள் பாஸ்வேர்டு கையில் கிடைத்துவிட்டால் திருடன் எதையும் உடைக்க வேண்டியதில்லை. உங்களைப் போலவே உள்ளே வந்துவிடுவான். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது.

படி 1: மெயிலைப் பூட்டுங்கள்

பில்லிங் மென்பொருள், இணையதளம், சமூக ஊடகப் பக்கம் என எதன் பாஸ்வேர்டு மறந்தாலும், அதை மாற்றும் லிங்க் பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வரும். மெயில் போனால் மற்றவையும் கூடவே போகும். அதனால் வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். சம்பந்தமே இல்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தாலே போதும்.

அப்புறம், செட்டிங்ஸில் இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் வசதி) ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியும் பரவாயில்லைதான். ஆனால் உங்கள் எண்ணில் வேறு யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் அது அவருக்குப் போய்விடும். கூகுள் ஆதன்டிகேட்டர் போன்ற ஆப், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணை உங்கள் போனிலேயே உருவாக்கும். நான் அதைத்தான் சொல்வேன். போன் தொலைந்தால் உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்செடுத்துப் பூட்டி வையுங்கள்.

அதே செட்டிங்ஸில், மெயில்கள் தானாக வேறு முகவரிக்கு ஃபார்வர்டு ஆகின்றனவா என்றும் பாருங்கள். உள்ளே புகுந்தவர்கள் இதைச் சத்தமில்லாமல் அமைத்துவிட்டு உங்கள் பில்களைப் படித்துக்கொண்டே இருப்பார்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும் மூடிவிடுங்கள். 2021-இல் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் நுழைந்தவர்கள், யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) கணக்கின் வழியாகத்தான் வந்தார்கள். அதற்குப் பாஸ்வேர்டு மட்டுமே காவல். நிறுவனம் அவர்களுக்குச் சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுக்க வேண்டியதாயிற்று.

படி 2: பணம் அனுப்பும் முன் போன் செய்யுங்கள்

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சரக்கு தருபவரிடமிருந்து மெயில் வருகிறது. பெயர் சரி, பில் சரி, தொகையும் சரி. அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். வேகமாகப் படித்தால் கண்ணுக்குத் தெரியாது.

உண்மையான முகவரியிலிருந்தே வந்தாலும் நம்பிவிடாதீர்கள், அவர்களுடைய மெயிலும் திருடுபோயிருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணில் கூப்பிட்டால் திருடனே எடுத்துப் பேசுவான். கூகுளும் ஃபேஸ்புக்கும்கூட 2013 முதல் 2015 வரை போலி பில்களை நம்பி 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பியிருக்கின்றன.

ஊழியர்களிடம் இதையும் சொல்லிவையுங்கள்: "உடனே பணம் அனுப்பு" என்று என் பெயரிலேயே மெயில் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், தாமதமானதற்குத் திட்ட மாட்டேன். முதலாளிக்குப் பயந்து அனுப்பிவிடுகிற ஊழியரைத்தான் இந்த மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள்.

படி 3: அப்டேட்

தானியங்கி அப்டேட்டை ஆன் செய்துவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ரவுட்டருக்கும் அப்டேட் உண்டு. அதனுடன் வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

படி 4: பேக்கப்பைக் கழற்றி வையுங்கள்

ரான்சம்வேர் உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி, முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீய மென்பொருள் தாக்கியபோது, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க்கை நிர்வகிக்கும் முக்கிய சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அங்கே அந்த நேரத்தில் கரண்ட் போயிருந்ததால் அது நெட்வொர்க்கில் இல்லை!

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை வைத்து என்ன செய்வது?

தாக்குதல் நடந்துவிட்டால்

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே வங்கியைக் கூப்பிடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். வங்கி, கம்ப்யூட்டர் பார்ப்பவர், சைபர் குற்றப் பிரிவு ஆகிய எண்களை இன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்ட பிறகு அதற்குள் இருக்கும் எண்களை எடுக்க முடியாது.