காலில் சொட்டிய ஏசி

சித்திரை மாத ராத்திரி. தூக்கத்தில் காலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் ஏசியின் ஓரத்திலிருந்து வழிகிறது.

மறுநாள் வந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல், "கேஸ் இறங்கிடுச்சு சார், நிரப்பணும்" என்றார். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. எங்காவது கசிந்தால்தான் குறையும். அறையோ நன்றாகவே குளிர்ந்துகொண்டிருந்தது. அவரை அனுப்பிவிட்டு நானே ஸ்டூல் போட்டு ஏறினேன்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்க்குமே, உள்ளே நடப்பதும் அதுதான். அறைக் காற்றிலுள்ள ஈரம் கேஸ் ஓடும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டு நீராகி, அடித்தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியே வெளியேறும். எங்கள் ஏசியில் அதற்குத் தனி மோட்டார் இல்லை. சரிவில் தானாக ஓட வேண்டியதுதான்.

வெளியே வாளிக்குள் கிடந்த பைப் நுனியைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. சரி, அடைப்புதான். மெயினை அணைத்தேன். தண்ணீரையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை எதிர்வீட்டில் கடன் வாங்கி, நுனியில் வைத்து ஈரத்துணியால் இறுகச் சுற்றி, இரண்டு நிமிடம் ஓட்டினேன். குபுக்கென்று வந்தது, மீன்தொட்டி அடியில் படியுமே, அதே கரும்பச்சை வழவழப்பு. ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி, அதையும் கழுவினேன்.

தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். வெளியே சலசலவென்று விழுந்தது.

அப்புறம் ஒன்று: செடிக்குப் பிடிக்க வைத்த அந்த வாளித் தண்ணீரில் பைப் நுனி முங்கியே கிடந்தது. அப்படிக் கிடந்தால் தண்ணீர் சரியாக இறங்காது. இப்போது ஒரு சாண் உயரத்தில் கட்டிவிட்டேன்.